பாலத்துக்கு அப்புறம் அவசரமில்லை

அத்தியாயம் 7

“இந்த ஷெட்ல திருடறதுக்கு என்ன மேடம் இருக்கு? நாலு மொட்டை டயர், ஒரு கேன் பினாயில். இதுக்கா என்னை டிபன்கூட சாப்பிட விடாம இழுத்துட்டு வந்தீங்க?”

மேடம் ஆம்புலன்ஸ் ஷெட்டின் மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, உள்ளே அடுக்கியிருந்த பிஸ்கெட் டின்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார். அவர் பேசாத நேரத்தையெல்லாம் நான்தான் பேசி நிரப்புவேன். எனக்கு அவர் வைத்த பெயரே வாயாடி. சம்பளச் சீட்டில் மட்டும் உதவியாளர் என்று போடுவார்.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய்க் கிளெய்ம் பிடித்தவர். இல்லாத கடை எரிந்துபோனதாகச் சொன்னவனிடம், “சாம்பலாவது இருக்கா?” என்று கேட்டு அழவைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவரிடம் யாரும் ‘இருக்கும்’, ‘போயிருக்கும்’ என்று இழுக்க முடியாது. “இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு” என்பார்.

அன்று காலை மணி பத்தரை. கெடு மாலை நாலு மணி.

விஷயம் இதுதான். எங்கள் பகுதிக்கு இருப்பது பன்னிரண்டு கட்டில்களும் அடிக்கடி மக்கர் செய்யும் ஓர் எக்ஸ்ரே மிஷினும் கொண்ட சின்ன ஆஸ்பத்திரி. கொஞ்சம் பெரிய வியாதி என்றாலும் ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கேயே முழு ஆஸ்பத்திரி ஒன்று கட்டித் தரும்படி பதினோரு வருஷமாக மனு போட்டு, ஒருவழியாக ஃபைல் அரசாங்க நிதிக் குழுவின் மேஜைக்குப் போய்விட்டது. போன இடத்தில் அதிகாரி ஒருவர் சிவப்பு மையில் எழுதிவிட்டார்: ‘வழியில் இறந்தோர், மூன்று ஆண்டுகளில் எவருமில்லை. தேவை நிரூபிக்கப்படவில்லை.’ இன்று நாலு மணிக்குள் மறுப்பு போய்ச் சேராவிட்டால் பணம் வேறு பகுதிக்குப் போய்விடும்.

சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர்தான் எங்களைக் கூப்பிட்டவர். யாரோ பெரிய ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கைவைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். அவருடைய சந்தேகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் முதலாளி மேல். எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம். அவருடைய மீசை அப்படி.

ஆனால் நேற்று முழுக்கப் பெரிய ஆஸ்பத்திரியின் பதிவறையில் தூசி தின்றதில் மீசைக்காரர் தப்பித்துவிட்டார். பதிவேட்டில் ஓர் அழித்தல் இல்லை, கிழித்தல் இல்லை. ஒரே ஒரு விசித்திரம்தான் இருந்தது. எங்கள் பகுதியிலிருந்து போன முப்பத்தொரு பேர், வந்து சேர்ந்த பத்தாவது நிமிஷத்தில் இறந்திருந்தார்கள். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை.

“எமன் என்ன ஸ்டாப் வாட்ச்சோடயா வர்றான்?” என்று கேட்டேன். பதிவறை குமாஸ்தா சிரிக்கவில்லை.

அந்த முப்பத்தொரு பேரில் என் அப்பாவும் ஒருவர். இரண்டு வருஷம் ஆகிறது. நெஞ்சு வலி. அண்ணன் ஆம்புலன்ஸில் கூடப் போனான். நான் வேலையிலிருந்து ஓடிவந்து, பின்னாலேயே பஸ் பிடித்தேன். நான் வார்டு வாசலுக்குப் போனபோது எல்லாம் முடிந்து அரைமணி ஆகியிருந்தது. ‘சின்னவ வந்துட்டாளா’ என்று வார்டில் கண்ணைத் திறந்து கேட்டாராம். அண்ணன் சொன்னான். அம்மா இன்றுவரை அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானோ தவறவிட்ட முந்தின பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதிவேட்டில் அப்பாவின் வரியைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அடுத்த வரிக்குப் போனேன். கொஞ்ச நாளாகவே நான் அப்படித்தான் இருக்கிறேன், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி.

“டின்னைத் திற,” என்றார் மேடம்.

உள்ளே, ஒவ்வொரு பயணத்துக்கும் டிரைவர் எழுதிவைக்கும் டிரிப் ஷீட்டுகள். ஒவ்வொரு ஷீட்டோடும் இரண்டு சின்ன சீட்டுகள் பின் அடித்திருந்தன. வழியில் இரண்டு சுங்கச்சாவடிகள். ஒன்று ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், இன்னொன்று நகரத்துக்குள் நுழையும் இடத்தில். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் மிஷின் நேரம் போட்ட சீட்டைத் துப்பிவிடும். அதைச் சேர்த்து வைக்காவிட்டால் ஆபீசில் டீசல் பில்லை நிறுத்திவிடுவார்கள்.

“மனுஷன் எழுதின நேரத்தை விடு. மிஷின் போட்ட நேரத்தை மட்டும் பாரு,” என்றார் மேடம். “ரெண்டு கேட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து ரெண்டு கட்டாப் பிரி. வேகமாப் போனது ஒண்ணு, மெதுவாப் போனது ஒண்ணு. முதல் வருஷமும் மூணாம் வருஷமும் உனக்கு. நடு வருஷத்தை நான் பார்க்கறேன்.”

“எனக்கு ரெண்டு டின், உங்களுக்கு ஒண்ணா? வயசுச் சலுகையா மேடம்?”

மேடம் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார், மூடினார். கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் சீட்டு பிரித்தோம். பெரும்பாலான டிரிப்புகளில் இரண்டு கேட்டுக்கும் நடுவே நாற்பது நிமிஷம்தான். அறுபது கிலோமீட்டரை நாற்பது நிமிஷத்தில் கடக்கிற எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஊரில் ஏவுகணை என்று பெயர். ஆனால் சில டிரிப்புகளில் அதே ஏவுகணைக்கு அதே ரோட்டில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகியிருந்தது. அந்தத் தேதிகளைப் பதிவேட்டிலிருந்து எழுதிவந்த பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்துவிட்டது. மெதுவாகப் போனவை எல்லாமே பத்து நிமிஷக்காரர்கள்தான். பிழைத்து வீடு திரும்பியவர் ஒருவர்கூட மெதுவான கட்டுக்குள் இல்லை.

“மேடம், கையும் களவுமா மாட்டிக்கிட்டான். வேணும்னே ஊர்ந்து போயிருக்கான். லேட்டாப் போய்ச் சேர்ந்து, அங்க போன பத்தாவது நிமிஷம் ஆள் காலி. மீசைக்காரன் காசு குடுத்திருக்கான்.”

“எதுக்குக் குடுக்கணும்? அவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாத்தானே அவனுக்குக் காசு?”

நான் வாயைத் திறந்து, மூடினேன். அது அபூர்வம்.

“சரி, அப்ப டீ குடிக்க நிறுத்தியிருக்கான்.”

“முப்பது தடவையும் செத்துப்போறவங்களை வெச்சுக்கிட்டு மட்டும் டீ குடிச்சானா? பிழைக்கிறவங்களோட போறப்ப அவனுக்கு டீயே பிடிக்காதா?”

வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்த டிரைவர், கைலியில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். ஏவுகணை என்ற பெயருக்கு ஏற்ற ஆள் இல்லை. ஒல்லியாக, காதோரம் நரைத்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஷெட்டுக்குள் வருகிற மனிதர். தரையில் கிடந்த இரண்டு கட்டுகளையும் பார்த்தார். எது எது என்று கேட்கவில்லை.

மேடம் மெதுவான கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “இதுல வண்டிக்கு ஏதாவது ரிப்பேரா?”

“இல்லம்மா.”

“ரோடு ரிப்பேரா?”

“இல்லம்மா.”

“அப்ப ஏன் இவ்வளவு நேரம்?”

அவர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். “யாருக்காகம்மா வேகமாப் போகணும்?”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

“பின்னாடி உசுரு போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் சைரனை அணைச்சுடுவேன்,” என்றார் டிரைவர். “ஓரமா, நிதானமாப் போவேன். கூட வந்தவங்க அழுது முடிக்கட்டும்னு. அங்க போய் இறங்கிட்டா அதைக் குடு, இதைக் குடுன்னு அழக்கூட விடமாட்டாங்க. பஸ், லாரி எல்லாம் என்னைத் தாண்டிப் போகும். நானே கையைக் காட்டி விட்டுடுவேன்.”

எந்தெந்த பஸ் என்று நான் கேட்கவில்லை.

“வழியில போனதை வழியிலன்னு ஏன் எழுதலை?” என்றார் மேடம்.

“எழுதினா என்ன ஆகும்னு தெரியுமாம்மா உங்களுக்கு? போலீசுக்குச் சொல்லணும். உடம்பை அறுக்கணும். ரெண்டு நாள் பிணவறை வாசல்ல காத்துக் கிடக்கணும். திரும்பி வர வண்டி கிடையாது. என் வண்டியில ஏத்தக் கூடாது, அவங்க வண்டியும் தரமாட்டாங்க. வார்டுல போனதா இருந்தா ஒரு மணி நேரத்துல சர்டிபிகேட். அவங்க வண்டியே வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விடும். அங்க வாசல்ல நிக்கிற நர்சம்மாவுக்கு என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். வந்த நேரத்தை எழுதும். கீழ ஒரு பத்து நிமிஷம் கூட்டி எழுதும்.”

“அது ஏன் பத்து?” என்றேன்.

“கூட்டறதுக்கு சுலபம்.”

இவ்வளவுதான். திருட்டு இல்லை, மீசை இல்லை, சதி இல்லை. ஒரு டிரைவரும் ஒரு நர்ஸும் பேசி வைத்துக்கொள்ளாமலே மூன்று வருஷமாக ஊருக்குச் செய்த உபகாரம். அந்த உபகாரம்தான் ‘எவருமில்லை’ என்று சிவப்பு மையில் போய் நின்றிருந்தது.

மேடம் கோபப்படவில்லை. “நல்லது செய்யறதா நினைச்சு ஆஸ்பத்திரியை நிறுத்திட்டீங்களே,” என்று மட்டும் சொன்னார்.

டிரைவர் தலையை ஆட்டினார். “எனக்கு இன்னும் எட்டு மாசம்தாம்மா சர்வீஸ். பரவாயில்ல, எழுதித் தரேன்.”

“நீங்க மட்டும் எழுதினாப் பத்தாது. மெதுவா ஓட்டினதுக்குச் சாக்கு சொல்றான்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க. குடும்பத்துல யாராவது ஒருத்தர், எங்க ஆள் வழியிலதான் போனார்னு கையெழுத்துப் போடணும். ஒரே ஒருத்தர் போதும். சீட்டு மத்ததைப் பேசிக்கும். அப்புறம் மறு விசாரணைன்னு வெச்சே ஆகணும்.”

தலைமை டாக்டருக்கு போன் போட்டேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே ஷெட்டுக்கு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பட்டியலை வாங்கிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

பிடி கொடுப்பவர் யாருமில்லை. ஓர் அம்மா, “என் புருஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வார்டுலதான் கண்ணை மூடினார்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். ஒரு மகன் கெட்ட வார்த்தையில் திட்டினான். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வழியிலேயே போயிட்டார்னா, நாங்க லேட்டாக் கிளம்பினதாலதான்னு ஆயிடுமே டாக்டர்” என்றார். டாக்டர் அடுத்த நம்பரைப் போட்டார். இரண்டரை மணிக்கு பேட்டரி தீர்ந்தது. பதினோரு வருஷ மனு அந்த வாளியின் மேல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது.

கைக்கு வேலை வேண்டும் என்று மெதுவான கட்டை மறுபடி எண்ணினேன். முப்பது. இன்னொரு தரம் எண்ணினேன். முப்பதுதான்.

“மேடம், பட்டியல்ல முப்பத்தொண்ணு. இங்க ஒண்ணு குறையுது.”

“எங்கயாவது விழுந்திருக்கும்,” என்றார் மேடம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் யாரையும் சொல்ல விடாத வார்த்தை அது. என் பார்வையைத் தவிர்த்து அவர் வண்டியைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் நடந்துகொண்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நடு வருஷத்தை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டது. மூக்கில் கண்ணாடி இருக்கும்போதே கூட்டைத் திறந்தது.

“என்னைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே இந்த ஷெட்டுக்கு வந்துட்டுப் போயிட்டீங்க இல்ல? கண்ணாடிக் கூட்டைக் குடுங்க மேடம்.”

“வாயாடி, வேண்டாம்.”

“குடுங்க.”

கொடுத்தார். உள்ளே கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி. அதன் அடியில், நாலாக மடித்த ஒரு டிரிப் ஷீட், இரண்டு சுங்கச் சீட்டுகளோடு. தேதியை நான் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் கேட் பதினொன்று ஐந்து. இரண்டாவது கேட் பன்னிரண்டு முப்பது.

இவ்வளவு மெதுவாகப் போன வண்டியில் இருந்த அப்பா எந்த வார்டிலும் கண்ணைத் திறந்திருக்க முடியாது. நான் எந்த பஸ்ஸைப் பிடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருந்த ஒன்று அந்த நிமிஷம் போய்விட்டது. கூடவே, அவர் என்னைக் கேட்டார் என்பதும் போய்விட்டது. இரண்டில் எதற்கு அழுவது என்று தெரியவில்லை. எதற்கும் அழுகை வரவில்லை.

“உன்னைக் கேக்கக் கூடாதுன்னுதான் எடுத்து வெச்சேன்,” என்றார் மேடம். “முப்பது பேர்ல ஒருத்தராவது வருவாங்கன்னு நினைச்சேன்.”

“கேஸ்ல தடயத்தை மறைச்சா என்ன தண்டனை மேடம்?”

“நீ சொல்லு.”

“நாளைக்கு டிபன் உங்க செலவு.”

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். மணி மூன்றே கால். டாக்டர் பையிலிருந்து படிவத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார், கை பாதியிலேயே நின்றது. நான் வாங்கி, ஒரு பிஸ்கெட் டின்னை மடியில் கவிழ்த்து அதன் மேல் வைத்துக்கொண்டேன். பெயர், உறவு, தேதி எல்லாம் எழுதினேன். ‘உயிர் பிரிந்த இடம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“எந்த இடம்ணே?” என்று டிரைவரைக் கேட்டேன்.

அவர் எழுந்து நின்றார். “எனக்குத் தெரியும். ஆனா அதை உங்க அண்ணன்தாம்மா சொல்லணும். அவர்தான் பின்னாடி இருந்தார்.”

அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். போனை எடுத்தபோது பின்னால் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, இந்த நேரத்துல?”

“அப்பா எந்த இடத்துலண்ணே போனார்?”

“எந்த இடம்னா? வார்டுலதான். என்ன புதுசா...”

“சுங்கச் சீட்டு என் கையில இருக்கு. டிரைவர் பக்கத்துலயே நிக்கறார்.”

அண்ணன் யாரையோ பார்த்து, “நிறுத்துடா” என்றான். கிரைண்டர் ஓய்ந்தது. கட்டத்தில் பேனாவை வைத்தபடியே இருந்தேன்.

“பாலத்து மேல,” என்றான். “பாதிப் பாலம் தாண்டியிருப்போம். வண்டி மெதுவாச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“சரி.”

“அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னுதான்மா...”

“சரிண்ணே. நான் இப்ப இதுல கையெழுத்துப் போட்டாத்தான் இங்க ஆஸ்பத்திரி வரும். போட்டா அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். போடட்டுமா?”

அவன் யோசிக்கவில்லை. “போடு. அடுத்தவன் அப்பாவாவது பாலம் ஏறாம இருக்கட்டும். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

போனை வைத்திருக்கலாம். வைக்க முடியவில்லை.

“அண்ணே, அப்ப அவர் என்னைக் கேட்டதும் நீ சும்மா சொன்னதுதானா?”

“எது?”

“சின்னவ வந்துட்டாளான்னு.”

அண்ணன் பதறிவிட்டான். “ஐயையோ, அது பொய் இல்லம்மா! பாலம் ஏறினப்ப கேட்டார். சின்னவ வந்துட்டாளான்னு கேட்டார். பின்னாடி பஸ்ல வர்றாப்பான்னு சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினார். அவர் கேட்டது நிஜம்மா. நான் இடத்தை மட்டும்தான் மாத்திச் சொன்னேன்.”

படிவத்தில் ‘பாலம்’ என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஸ்கேன் பண்ண ஓடினார். மேடம் தன் கண்ணாடிக் கூட்டிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“எதுக்கு மேடம்?” என்றேன். அப்புறம்தான் படிவம் இருந்த இடத்தில் பிஸ்கெட் டின் நனைந்திருந்ததைப் பார்த்தேன்.